பீடிக் கணக்கு எழுதிய குழந்தை: நான்கு வயதில் எழுத்து தொடங்கிய விதம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்காசி மாவட்டத்தில், பெண்கள் பெரும்பாலும் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு சிற்றூரில், 2022 ஜூலை முதல் 2023 டிசம்பர் வரை ஒரு பெண் குழந்தையைத் தொடர்ந்து கவனித்ததன் பதிவு இது. குழந்தையையோ குடும்பத்தையோ ஊரையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் 27 ஆண்டுகள், பெரும்பகுதி முதல் வகுப்பிலேயே, பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஊர் அங்கன்வாடி மையத்தின் பணியாளர் என் பழைய மாணவி. அவர் கேட்டுக்கொண்டதால் செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாட்களிலும் காலையில் இரண்டு மணி நேரம் மையத்துக்குப் போய்வந்தேன்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் கீழ் நடக்கும் மையத்தை எங்கள் ஊரில் இன்றும் 'பால்வாடி' என்றே சொல்கிறார்கள். 2022இல் மையத்தில் 19 குழந்தைகள் இருந்தனர். பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, பதிவேடுகளை எழுதுவது, அவற்றையே மறுபடி கைபேசியில் ஏற்றுவது என்று எல்லாம் அதே பணியாளரின் தலையில் விழுவதால், குழந்தைகளோடு உட்காருவதற்கு அவருக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்தான். இதைத் தொடக்கத்திலேயே சொல்லக் காரணம், பின்னால் வரும் முடிவுகள் ஒவ்வொன்றையும் இந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்குமா என்று பார்த்துத்தான் எடுத்தோம்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென வகுக்கப்பட்ட 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் பாட்டு, கதை, விளையாட்டு ஆகியவற்றை மையமாகக் கொண்டது. நோட்டில் எழுத்தைப் பார்த்து எழுதவைக்கும் வழக்கம் மையத்துக்குள் நுழைந்தது பெற்றோரின் அச்சத்தால். பக்கத்து ஊர்த் தனியார் மழலையர் பள்ளியின் வேன் காலையில் எங்கள் தெருவுக்கே வருகிறது. அந்தப் பிள்ளைகள் மாலையில் வீட்டுப்பாடத்தோடு இறங்குவதைப் பார்க்கும் தாய்மார்களுக்கு, தங்கள் பிள்ளை மட்டும் பின்தங்கிப் போகிறது என்ற கவலை வருவது இயல்பு. ஜூன் மாதத்தில் இரண்டு குழந்தைகள் மையத்தை விட்டு வேனுக்கு மாறியதும், பணியாளர் மீதமிருந்தவர்களுக்கு இரட்டைக் கோட்டு நோட்டுகளை வாங்கவைத்து, தினமும் அரைமணி நேரம் 'அ', 'ஆ' எழுதவைக்கத் தொடங்கினார். அவரை நான் குறை கூறமாட்டேன். என் பணிக்காலத்தில் நானும் அதையேதான் செய்தேன்.

நாம் பேசும் குழந்தைக்கு அப்போது 4 வயதும் 1 மாதமும் ஆகியிருந்தது. தாய் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், பீடி சுற்றுகிறார். தந்தை கேரளத்தில் ஒரு தேநீர்க் கடையில் வேலை செய்து, மாதம் ஒருமுறை வந்துபோகிறார். வீட்டில் தந்தையின் தாயாரும் இருக்கிறார், குழந்தைக்கு ஆச்சி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மையத்தில் கண்டது

"இந்தப் பிள்ளைக்கு எழுத்தே ஏற மாட்டேங்கு டீச்சர்" என்று பணியாளர் ஜூலை இரண்டாம் வாரத்தில் என்னிடம் சொன்னார். நோட்டை விரித்ததும் குழந்தை இரு கைகளையும் பாவாடைக்குள் மறைத்துக்கொள்வாள். பென்சிலைக் கொடுத்து, அவள் கைமேல் தம் கையை வைத்துப் பணியாளர் 'அ' எழுதவைக்க முயன்றபோது அந்தச் சிறு கை விறைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அழுதாள். அதற்கடுத்த வாரம், நோட்டுகளை எடுக்கும் சத்தம் கேட்டாலே வயிறு வலிக்கிறதென்று உதவியாளரிடம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பேச்சும் குறைவு. இரண்டு காலைகள், மொத்தம் நான்கு மணி நேரம், அவள் பேசியதை எழுதிவைத்தேன். ஒன்பது முறைதான் வாய் திறந்திருந்தாள், அவற்றில் ஆறு ஒற்றைச் சொற்கள். கேள்வி கேட்டால் தலையாட்டுவாள். செவித்திறன் குறைவாகவோ பேச்சு வளர்ச்சித் தாமதமாகவோ இருக்கலாம் என்பதுதான் என் முதல் கணிப்பு. குறிப்பேட்டில் அப்படியே எழுதியும் வைத்தேன்.

'அ' என்ற எழுத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒலி வரிசையில் அது முதலெழுத்து. ஆனால் வரைவதற்கு மிகக் கடினமான வடிவங்களில் ஒன்று. சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெடுங்கோடு என்று கை பலமுறை திசை மாற வேண்டும். 'ட', 'ப' போன்றவை நேர்க்கோடுகளாலேயே ஆனவை. மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுமை பெறாத நான்கு வயதுக் கையிடம் அகர வரிசையின் முதலெழுத்தை முதல் நாளே கேட்பது, நடக்கத் தொடங்கிய குழந்தையைப் படியேறச் சொல்வது போன்றது. திண்ணைப் பள்ளிக் காலத்தில்கூட முதலில் விரலைத்தான் மணலில் ஓட்டினார்கள்.

திண்ணையில் கண்டது

ஜூலை கடைசிச் சனிக்கிழமை பிற்பகலில் குழந்தையின் வீட்டுக்குச் சென்றேன். தாய் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் குழந்தை கவனிக்கவில்லை. திண்ணையின் மறுகோடியில் அவள் ஒரு விளையாட்டில் மூழ்கியிருந்தாள்.

தென்னை ஈர்க்குகளை ஒரே அளவாக ஒடித்து, நூலால் சிறு சிறு கட்டுகளாகக் கட்டி வரிசையாக அடுக்கியிருந்தாள். எதிரில் ஆச்சி உட்கார்ந்திருந்தார். குழந்தையின் மடியில் நாட்காட்டியிலிருந்து கிழித்த பழைய தாள். கையில் ஒரு கரித்துண்டு. ஒவ்வொரு கட்டையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள், சிலவற்றை ஒதுக்கினாள், "ரெண்டு கட்டு கழிவு, இனிமே நல்லாச் சுத்திட்டு வரணும்" என்று கண்டிப்பான குரலில் சொன்னாள், பிறகு தாளில் இடமிருந்து வலமாக ஒரு நெளிகோடு இழுத்தாள். அடுத்த ஆளுக்கு அடுத்த வரி. வரியின் வலது ஓரத்தில் மட்டும் தனியாகச் சில குச்சிகளும் வட்டங்களும் போட்டாள், அவை தொகைகள். முடிவில் தாளை ஆச்சியிடம் நீட்டி, "கைநாட்டு வைங்க" என்றாள். ஆச்சி கட்டைவிரலைக் கரியில் தொட்டு வைத்தார். அதன்பின் தாயிடம் வந்து, "ஆச்சிக்கு எழுத வராது. நீ கையெழுத்துப் போடு" என்றாள்.

பீடிக்கடையில் வாரந்தோறும் நடப்பதன் நேர் பிரதி அது. சுற்றிய பீடிகளை 25 கொண்ட கட்டுகளாகக் கட்டிக் கொண்டுபோனால், கணக்கர் எண்ணிப் பார்த்து, சரியில்லாதவற்றைக் கழித்து, மீதியைப் பாஸ்புத்தகத்தில் எழுதுவார். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று அதை வைத்தே கணக்காகும். குழந்தை பிறந்ததிலிருந்து தாயின் இடுப்பிலும் பிறகு கையைப் பிடித்தும் அங்கே போய்வந்திருக்கிறாள்.

மையத்தில் நான்கு மணி நேரத்தில் ஒன்பது முறை பேசிய குழந்தை, அந்த இருபது நிமிடத்தில் இடைவிடாமல் பேசினாள். என் முதல் கணிப்பு பிழையென்று அங்கேயே தெரிந்துவிட்டது. அவள் தாளில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் எழுத்து வரி வரியாகப் போகும், ஒருவரின் கணக்கு இன்னொருவரின் வரியில் சேரக்கூடாது, எண்ணுக்கு இடம் வேறு, சொல்லுக்கு இடம் வேறு, கைநாட்டும் கையெழுத்தும் ஒன்றல்ல, எழுதப்பட்டதுதான் கூலியை முடிவு செய்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நியூசிலாந்தின் கல்வியாளர் மேரி கிளே, முறையான பாடம் தொடங்குமுன்பே குழந்தைகளிடம் அரும்பிவரும் இத்தகைய அறிவை 1966இல் தம் ஆய்வேட்டில் பெயரிட்டுக் காட்டினார். முதல் வகுப்பில் நான் கண்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளில் எத்தனை பேர் இப்படி ஏதாவதொன்றோடு வந்திருப்பார்கள், நான் அவர்களிடம் அதைக் கேட்காமலே 'அ' எழுதச் சொன்னேன் என்ற எண்ணம் அன்று மாலை முழுவதும் என்னை வருத்தியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை, குழந்தைகள் உறங்கும் நேரத்தில், பணியாளரும் உதவியாளரும் நானும் உட்கார்ந்து பேசினோம்.

முதல் முடிவு நோட்டைப் பற்றியது. இந்தக் குழந்தைக்கு அக்டோபர் இறுதிவரை நோட்டு இல்லை என்று வைத்துக்கொண்டோம். எல்லாக் குழந்தைகளுக்கும் நிறுத்திவிடலாம் என்பது என் விருப்பம். நிறுத்தினால் இன்னும் நாலு பேர் வேனில் ஏறிவிடுவார்கள் என்றார் பணியாளர். அவர் சொன்னதில் உண்மை இருந்ததால் மற்றவர்களுக்கு நோட்டு நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்து, படம் வரையவும் இடம் கொடுப்பதென்று இசைந்தோம்.

இரண்டாவது, விளையாட்டு மூலை. பீடிக்கடை விளையாட்டையே மையத்துக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொன்னேன். உதவியாளர் அதை ஏற்கவில்லை. அவரும் மாலையில் பீடி சுற்றுகிறவர். "நாங்க சுத்துனது போதும் டீச்சர். பிள்ளைய விளையாட்டுக்குக்கூடச் சுத்த வேண்டாம்" என்றார். புகையிலைத் தூளிலிருந்து குழந்தைகளை விலக்கிவைக்க வேண்டிய இடத்தில் அதன் நினைவைக்கூட விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம் என்ற அவருடைய கருத்து சரியானது, நான் பின்வாங்கினேன். குழந்தையை ஈர்த்தது பீடி அல்ல, கணக்கு எழுதுவது. எனவே பலசரக்குக் கடை வைப்பதென்றும், கடையில் கட்டாயம் ஒரு கணக்கு நோட்டு இருக்க வேண்டுமென்றும் முடிவாயிற்று. உப்பு, சோப்பு, கடுகு, சீரகம் ஆகியவற்றின் வெற்று உறைகளையும் பெட்டிகளையும் பெயர் தெரியும்படி அடுக்கினோம். புளியங்கொட்டைதான் காசு.

மூன்றாவது, வருகைப் பதிவை விளையாட்டாக்குவது. ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வாசலருகே வைத்தோம். வரும் குழந்தை தன் அட்டையைத் தேடியெடுத்துத் துணிப்பையில் செருக வேண்டும். இதற்குப் பணியாளரின் நேரம் எதுவும் செலவாகவில்லை.

நான்காவது, நான் வரும் நாட்களில் குழந்தைகள் சொல்வதை அவர்கள் கண்முன்னே எழுதி, விரல் வைத்துத் திரும்பப் படித்துக்காட்டுவது. ஐந்தாவது, தினமும் ஒரு கதைப்புத்தகத்தை உரக்கப் படித்து, நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும், ஏன் அப்படி என்று கேட்பது. மையத்தில் பன்னிரண்டு புத்தகங்களே இருந்தன. ஒரே கதையைப் பத்து முறை கேட்கக் குழந்தைகள் சலித்துக்கொள்ளவில்லை. ஆறாவது ஏழாவது முறையில்தான் அவர்களே பக்கத்தைப் புரட்டிப் 'படிக்க'த் தொடங்கினார்கள்.

கடனைச் சுற்றி எழுந்த சண்டை

முதல் மூன்று வாரங்கள் குழந்தை கடையைத் தள்ளி நின்று பார்த்தாள். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், கணக்கு நோட்டு யாரும் தொடாமல் கிடப்பதைக் கண்டு, போய் உட்கார்ந்துகொண்டாள். அதன்பின் அந்த இடம் அவளுடையதாயிற்று. விற்பனை நடக்கும்போதெல்லாம் நெளிகோடு இழுப்பாள். பேச்சு மெல்லக் கூடியது. ஆனால் கடைக்காரியின் குரலில் மட்டும்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் நடந்ததைத்தான் இந்தப் பதிவின் திருப்பமாகக் கருதுகிறேன். ஒரு பையன் சீரகம் கேட்டான். கையில் புளியங்கொட்டை இல்லை. "எழுதி வச்சிருக்கேன், நாளைக்குக் குடு" என்று கொடுத்தனுப்பினாள். மறுநாள் நோட்டைப் புரட்டி, ஒரு வரியைக் காட்டி, இரண்டு காசு கேட்டாள். பையன் குனிந்து பார்த்துவிட்டு, "எம்பேரே இதுல இல்லயே. கோடுதான் கெடக்கு" என்றான். அவள் அதிர்ந்து போனாள். நான் குறுக்கிடவில்லை, பணியாளரையும் கையமர்த்தினேன். சற்று நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து பணியாளரிடம் வந்து, "டீச்சர், இவன் பேரு எப்படி எழுதணும்?" என்று கேட்டாள்.

இரண்டு மாதமாக எழுத்திடமிருந்து கையை ஒளித்த குழந்தை தானாகவே கேட்ட முதல் எழுத்து அது. பணியாளர் பையனின் பெயர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். முதலெழுத்து 'ப'. பக்கத்தில் வைத்துப் பார்த்து, மூன்று கோடுகளில் அதை எழுதினாள். தன் கோடு தனக்கு மட்டுமே கணக்காகும், எழுத்தோ மறுப்பவனுக்கும் கணக்காகும் என்பதை எந்தப் பாடத்தாலும் அவளுக்கு அவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த வாரத்துக்குள் கடையில் கடன் வாங்கும் எல்லோருடைய முதலெழுத்தையும் அட்டைகளிலிருந்து தேடியெடுத்து எழுதினாள். வேறு மூன்று குழந்தைகளும் கணக்கெழுத முன்வந்தார்கள்.

அதே மாதம் வந்த மருத்துவக் குழு அவளுடைய செவித்திறனைச் சோதித்து, குறையேதும் இல்லை என்றது.

ஒற்று இல்லாத எழுத்துகள்

நவம்பரில் அவள் முழுச் சொற்களை எழுத முயன்றாள். ஆச்சியை 'ஆசி' என்றும், அப்பாவை 'அபா' என்றும், தேங்காயை 'தேகா' என்றும் எழுதினாள். பணியாளர் பிழையென்று திருத்தப் போனார். நான் பொறுக்கச் சொன்னேன். இவை கவனக்குறைவால் வந்தவை அல்ல.

சொல்லைக் கைதட்டிப் பிரிக்கும் விளையாட்டை நாங்கள் தினமும் ஆடினோம். 'ஆச்சி' என்றால் குழந்தைகள் இரண்டு தட்டுத் தட்டுவார்கள்: ஆச், சி. தட்டுக்கு ஓர் எழுத்து என்பது அவர்களாகவே கண்டுகொண்ட கணக்கு. ஒற்றுக்குத் தனித் தட்டு இல்லாததால் அது எழுத்தில் விடுபடுகிறது. எமிலியா ஃபெரேரோவும் அனா டெபெரோஸ்கியும் ஸ்பானிய மொழிக் குழந்தைகளிடம் நடத்தி 1979இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்று குழந்தைகள் எழுதும் கட்டத்தை விளக்கினார்கள். ஸ்பானியக் குழந்தை அந்தக் கட்டத்தைத் தாண்டி, அசைக்குள் இருக்கும் தனித்தனி ஒலிகளுக்குப் போயாக வேண்டும். தமிழில் 216 உயிர்மெய்களும் அசையோடு ஒட்டியே வருவதால், அசைக்கு ஓர் எழுத்து என்ற குழந்தையின் ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. இடறுவது புள்ளி வைத்த மெய்யில்தான். தமிழ்க் குழந்தைக்கு அசைப் பிரிப்பு விளையாட்டுகள் பெருந்துணையாவது இதனால்தான் என்று கருதுகிறேன்.

கொம்பும் அப்படியே. 'தே' என்று எழுதும்போது அவள் 'த' போட்டுவிட்டு, இரட்டைக்கொம்பை அதன் வலப்பக்கம் போட்டாள். காதில் முதலில் விழுவது 'த்'. ஏகாரம் பின்னால் வருகிறது. ஒலி வந்த வரிசையில் எழுதினால் கொம்பு பின்னால்தான் வரவேண்டும். ஒலிக்கு முன்னால் குறியை வைப்பது தமிழ் எழுத்தின் மரபு. அதைக் கண்டு பழகவேண்டுமே தவிர, காதால் ஊகித்துவிட முடியாது. ஆகவே கொம்பைச் சொல்லிக்கொடுத்தோம், ஒற்றுக்குக் காத்திருந்தோம். ஜனவரியில் 'அப்பா'வை நீட்டி நிறுத்திச் சொல்லும் விளையாட்டின்போது, "நடுவுல ஒண்ணு மறைஞ்சிருக்கு" என்று அவளே சொன்னாள்.

பேசுவது போல எழுதுவதா

குழந்தைகள் சொல்வதை எழுதும்போது எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. "எங்க அப்பா கேரளாவுல இருந்து வந்தாவ, வாழப்பழம் வாங்கிட்டு வந்தாவ" என்று குழந்தை சொன்னாள். 'வந்தார்', 'வாழைப்பழம்' என்று திருத்தி எழுத வேண்டுமென்பது பணியாளரின் எண்ணம். தப்பான தமிழைச் சுவரில் ஒட்டினால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவர் தயங்கினார்.

சொன்னபடியே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். தன் வாயிலிருந்து வந்த ஒலி தாளில் அப்படியே நிற்கிறது என்பதைக் குழந்தை நம்ப வேண்டிய கட்டம் அது. 'வந்தாவ' என்று சொல்லிவிட்டு 'வந்தார்' என்று படிக்கக் கேட்டால், எழுத்து வேறு ஏதோ சொல்கிறது என்றுதான் அவளுக்குப் படும். எழுத்துத் தமிழ் கதைப்புத்தகங்கள் வழியாக அவள் காதில் தினமும் விழுந்துகொண்டிருந்தது. பிப்ரவரி வாக்கில், கதை சொல்லும்போது மட்டும் 'வந்தது', 'போனது' என்று புத்தகத்தின் நடையில் அவளே பேசத் தொடங்கினாள். இரண்டு தமிழையும் இடமறிந்து பிரித்துக்கொள்ளக் குழந்தைக்கு முடிகிறது.

தாயின் எதிர்ப்பும் ஆச்சியின் பங்கும்

ஆகஸ்ட் கடைசியில் தாய் மையத்துக்கு வந்து, தன் மகளுக்கு மட்டும் நோட்டு இல்லாததைப் பற்றிக் கேட்டார். "விளையாடத்தான் அனுப்புதேனா டீச்சர்? வீட்டுல அதத்தான செய்யுதா" என்றார். நான் நீண்ட விளக்கம் கொடுத்தேன். அது அவரைத் தொடவில்லை. என் கையில் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை. கடைசியில், பெயரையாவது எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அது நியாயமான கோரிக்கை. தரையில் சுண்ணக்கட்டியால், கை முழுவதையும் வீசி, பெரிய எழுத்தாகத் தன் மூன்றெழுத்துப் பெயரை எழுதும் விளையாட்டைச் சேர்த்தோம்.

வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு விடை தாயின் வேலையிலேயே இருந்தது. பீடி சுற்றும்போது கையும் கண்ணும் ஓயாது. வாயும் காதும் சும்மா இருக்கும். விடுகதை போடுவது, சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குவது, அன்று கடையில் என்ன விற்றாய் என்று கேட்பது ஆகியவற்றுக்குத் தனி நேரம் வேண்டியதில்லை. முதலில் தயங்கிய தாய் அக்டோபரில் சொல் விளையாட்டைத் தொடங்கினார்.

ஆனால் எல்லோரையும்விட அதிகம் செய்தவர் ஆச்சி. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மையத்துக்கு வந்து கதை சொன்னார். அதை நான் பெரிய தாளில் எழுதி, உடனே படித்துக்காட்டினேன். முதல் முறை கேட்டபோது, "நான் சொன்னது அப்படியே கெடக்கே!" என்று வியந்து தாளைத் தடவிப் பார்த்தார். பேத்தி பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர் குழந்தையின் எழுத்துக்கு உதவ முடியாது என்று என் பணிக்காலம் முழுவதும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை அன்று கைவிட்டேன்.

டிசம்பரில் அவள் 'அபா வா' என்று எழுதிய தாளைத் தாய் படமெடுத்துத் தந்தைக்கு அனுப்பினார். தந்தை குரல் பதிவில் பதில் சொன்னார். அதன்பின் தாயிடமிருந்து நோட்டைப் பற்றிய கேள்வி வரவில்லை. முழுதாக நம்பினார் என்று சொல்ல முடியாது, பொறுத்துப் பார்க்க இசைந்தார்.

முதல் வகுப்பில்

2023 ஜூனில் ஊரின் அரசுத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தாள். சேரும்போது நாற்பது எழுத்துகள் வரை அடையாளம் கண்டாள். அகர வரிசையை ஒப்பிக்கத் தெரியாது. ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் செயல்பாடுகளே அடிப்படை என்பதால், அங்கே அவளுக்கு அந்நியமாக எதுவும் தோன்றவில்லை. அத்திட்டத்தின் முதல் படியான அரும்பு நிலைப் புத்தகத்தின் படங்களைப் பார்த்துக் கதை சொல்வதில் முன்நின்றாள்.

செப்டம்பரில் ஒரு பின்னடைவு நேர்ந்தது. சொல்வதை எழுதும் பயிற்சியில் ஒற்று விட்ட சொற்கள் பலவற்றில் சிவப்புக் கோடு விழுந்தது. ஒரு வாரம் வகுப்பில் பேசவில்லை. பழைய வயிற்றுவலியும் திரும்பியது. தாய் என்னிடம் வந்து சொல்ல, நான் வகுப்பாசிரியரைச் சந்தித்து மையத்தில் நடந்ததை விளக்கினேன். அவர் திறந்த மனத்தோடு கேட்டார். அடுத்த வாரம் முதல், சரியாக எழுதியதை வட்டமிட்டு, விட்ட ஒற்றைக் கைதட்டிக் கண்டுபிடிக்கச் சொன்னார். 2023 டிசம்பரில் நான் கடைசியாகப் பார்த்தபோது மூன்று நான்கு சொல் கொண்ட வாக்கியங்களை மெதுவாகப் படித்தாள். ர, ற இரண்டையும் குழப்புகிறாள்; ன, ண, ந மூன்றையும் குழப்புகிறாள். பேச்சில் வேறுபாடு தேய்ந்துவிட்ட எழுத்துகளில் இந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் உண்டு.

நோட்டில் எழுதிப் பழகிய அவள் தோழிகள் அதே வகுப்பில் அவளைவிட அழகாக எழுதுகிறார்கள். படிப்பதில் யார் முந்துகிறார்கள் என்று ஒரு குழந்தையின் பதிவை வைத்து நான் சொல்ல மாட்டேன். எழுத்தைக் கண்டு கையை ஒளித்த குழந்தை இப்போது ஒளிப்பதில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மையத்தில் பேசாத குழந்தையைக் கண்டால் முதலில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். செவிச் சோதனையையும் செப்டம்பர்வரை விட்டிருக்கக் கூடாது. எங்கள் குறிப்பேட்டில் மூன்று வாரம் அவள் குறைபாடுள்ள குழந்தையாகவே இருந்தாள்.

அவளுக்கு மட்டும் நோட்டை நிறுத்தியது பிழையான சமரசம். மற்ற குழந்தைகள் அவளைப் பார்த்து, "இவளுக்கு எழுத வராது" என்று சொல்லிக்கொண்டதை அக்டோபரில்தான் உதவியாளர் எங்களுக்குச் சொன்னார். அடுத்த ஆண்டு நோட்டு நேரத்தையே எடுத்துவிட்டு, எல்லோருக்கும் கோடில்லாத தாளும் சுண்ணக்கட்டியும் கொடுத்தோம். அதற்கு முன்பாகவே தாய்மார்களை அழைத்து, ஒரு காலை முழுவதும் கடை விளையாட்டைப் பார்க்கவைத்தோம். அந்த ஆண்டு ஒரு குழந்தை வேனுக்கு மாறியது.

முதல் வகுப்பு ஆசிரியரை ஜூனிலேயே மையத்துக்கு அழைத்திருந்தால் செப்டம்பர் நடந்திருக்காது.

இன்னொரு குறை என்னுடையது. கரியால் கணக்கெழுதிய அந்த நாட்காட்டித் தாளை, ஆச்சியின் கைநாட்டோடு, நான் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறுவாரம் கேட்டபோது அடுப்பெரிக்கப் போய்விட்டிருந்தது. ஆகஸ்டில் தாய் கேள்வி கேட்டபோது என் கையில் இருந்திருக்க வேண்டியது அதுதான். இப்போது மையத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் உறை இருக்கிறது. மாதம் இரண்டு தாள்கள், கிறுக்கலானாலும் படமானாலும், அதில் சேர்கின்றன. தாளின் பின்புறம் தேதியையும், குழந்தை அதைக் காட்டி என்ன சொன்னது என்பதையும் பணியாளர் எழுதிவைக்கிறார். 2023 டிசம்பரில் அப்படிப் பதினேழு உறைகள் அலமாரியில் இருந்தன.